நீர்நாய்க்கு நோட்டீஸ் கொடுத்தவர்

ரூல் அண்ணாச்சியைப் போல் சட்டத்துக்குப் பயந்த மனிதர் திருவனந்தபுரத்தில் அவருக்கு முன் இருந்ததில்லை. பின்னால் வந்திருந்தால் எந்த ஆபீஸும் அவரை வைத்துக்கொண்டிருக்காது.

திரு-கொச்சி ராஜ்யமாக இருந்த நாளில் தம்பானூரில் ஒரு என்ஜினீயர் ஆபீஸில் நான் குமாஸ்தா, நாகர்கோவில்காரரான அவர் ஓவர்சியர். கல்லாறு போகும் வழியில் ஒரு சின்ன மண் அணையும் குளமும் அவர் பொறுப்பில் இருந்தன. வயலுக்கென்று கட்டிய அணை, நாளடைவில் அதிகாரிகள் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடும் இடமாகிவிட்டது. 'குளத்தில் இறங்கக் கூடாது' என்று பலகை வைத்தவர் அண்ணாச்சி. ஒருநாள் கால் வழுக்கி அவரே உள்ளே விழுந்தார். கரையேறியதும் தன்னிடமே விளக்கம் கேட்டு எழுதினார். பதிலும் எழுதினார். பதில் திருப்தியாக இல்லை என்று தன்னை எச்சரித்து பைலை மூடினார்.

எங்கள் என்ஜினீயர் சோலாத் தொப்பியோடு வருவார். மீன் தூண்டிலை நெருங்கும்போது பார்த்து உரக்கக் கதகளிப் பதம் பாடுவார். ஆறு மாதத்தில் கிடைத்தது ஒரு நண்டு. அதையும் அவர் பிடிக்கவில்லை, அவர் விரலை அதுதான் பிடித்தது. குளத்தில் ஐந்து நீர்நாய்கள் கொண்ட ஒரு குடும்பம் இருந்தது. அவை பாடாமல் மீன் பிடித்தன.

"எந்தா ஓவர்சியரே, மீனெல்லாம் இந்தச் சவங்களல்லோ திங்குது! அணையைத் தோண்டுதுன்னு எழுதும். நான் தோக்கோட வந்து சுடறேன்."

"பொந்து அணையில இல்ல சார். எதிர்க்கரை தாழம்புதர்ல."

"எழுதும்!"

"சர்க்கார் நிலம், ஆக்கிரமிப்பு கேஸ் சார். முப்பது நாள் நோட்டீஸ் இல்லாம ஒழிப்பிக்க முடியாது. ரூல்."

பென்ஷனுக்கு ஒரு வருஷமே இருந்த என்ஜினீயர் அடங்கிப்போனார். இங்கிலீஷ், மலையாளம், தமிழ் மூன்றிலும் நோட்டீஸ் எழுதிப் புதரில் கட்டினார் அண்ணாச்சி.

"தமிழ் எதுக்கு?" என்றேன்.

"எந்தப் பக்கத்து நீர்நாயோ, ஆருக்குத் தெரியும் வே?"

முப்பது நாள் கழிந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு என்னை அனுப்பினார்கள். அண்ணாச்சி ரிப்போர்ட்டைத் தயாராக வைத்திருந்தார்: 'மேற்படியார் இடத்தைக் காலி செய்துவிட்டனர்.' நான் வாசித்து முடிக்கும்போது தண்ணீரில் ஐந்து தலைகள் எழுந்தன. ஒன்று மீனைக் கறுமுறுவென்று மென்றது.

"அண்ணாச்சி, அஞ்சும் இருக்கே!"

அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். "இருவத்தொரு வருச சர்வீஸ் வே. ஒரு பொய் எழுதுனது கிடையாது. வேலை போனாலும் போகும். ஆனா பொந்துல ஒரு குட்டி இப்பத்தான் கண்ணு முழிச்சிருக்கு."

நான் கையெழுத்துப் போட்டேன். என்ஜினீயரும் வாசிக்காமலே போட்டார்.

அடுத்த ஞாயிறு நானும் குளத்துக்குப் போயிருந்தேன். என்ஜினீயரின் தூண்டிலுக்கு நேர் முன்னால் ஒரு நீர்நாய் எழுந்து மீசையைத் துடைத்துக்கொண்டது.

"அதெந்தா ஓவர்சியரே?"

"காலி பண்ணியாச்சு சார். நீங்க ஒப்பு வச்ச ரிப்போர்ட்."

என்ஜினீயர் நீர்நாயைப் பார்த்தார். பென்ஷனை நினைத்தார். "ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் போனதும் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாழம்புதரை நோக்கி நடந்தார். பாதி வழியில் திரும்பி, என் காலைப் பார்த்து முகம் சுளித்தார்.

"மெல்ல வாரும் வே, குட்டி ஒறங்குது."

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.