பால்வழி மையமும் உரக்கடை ராசாங்கமும்

பேரண்டத்தில் பெரம்பலூர் மாவட்டத்துக்கு உரிய இடத்தைப் பெற்றுத் தந்த பெருமை உரக்கடை ராசாங்கத்தையே சேரும். பால்வழி மண்டலத்தின் மையம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லும்வரை, மக்கள் அது தெரியாமலேயே வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த அறியாமையை நீக்கவே அவர் 'வானியல் விழிப்புணர்வு மன்ற'த்தைத் தொடங்கினார். தலைவர் அவர். செயலாளர் மகன் ஜெயப்பிரகாஷ். பொருளாளர், கூட்டத்துக்குச் சுக்குக் காபி போடும் மனைவி கொளஞ்சியம்மாள். மன்றத்தின் பாடம் இதுதான்: ஆடி மாதம் இருட்டியதும் தெற்கே பார்த்து நிற்க வேண்டும். விருச்சிக ராசித் தேளின் கொடுக்குக்கு இடப்பக்கம், தனுசு ராசியில், பால் சிந்தியது போல ஒரு வெளுப்பு. மையம் அங்கேதான். அதற்குள் எதையும் விழுங்கும் கருந்துளை ஒன்று. தூரம் இருபத்தாறாயிரம் ஒளியாண்டு.

2004-இல் ஜெயப்பிரகாஷ், தன்னோடு இயற்பியல் படித்த தா.பழூர் நந்தினியைத்தான் கட்டுவேன் என்றான். பெண் வீட்டார் ஆசைக்காக ஜாதகம் பார்க்கப்பட்டது.

"பொண்ணுக்கு மூலம். மாமனாருக்கு ஆவாதும்பாங்க" என்றார் ஜோசியர் முத்துவேல். "ஆனா இது நாலாம் பாதங்க. ஒரு தோசமும் இல்ல. தாராளமா முடிங்க."

ராசாங்கம் எழுந்து நின்றார். "ஜோசியத்த நான் நம்புறவன் இல்ல. நீங்க ஆவும்னு சொன்னா ஆயிருமா? மூலம் எந்தப் பக்கம் இருக்கு? கருந்துளை இருக்குற பக்கம். மாமனாருக்கு ஆவாதுங்கறது இப்ப விஞ்ஞானம்!"

"எங்க ஆளுங்களுக்கே இது தோணலீங்க" என்று வியந்தபடி ஜோசியர் விடைபெற்றார்.

முந்திய ஆண்டு ஜெயப்பிரகாஷுக்குப் பார்த்த, அதே மூல நட்சத்திரத்துச் சிறுவாச்சூர் பாக்யலட்சுமியையும் மன்றம் இதே 'ஆய்வின்' பேரில்தான் நிராகரித்தது. படித்தவர் சொல்கிறாரே என்று மற்ற வீட்டாரும் அந்தப் பெண்ணைப் பார்க்க வருவதை நிறுத்திக்கொண்டார்கள். விழிப்புணர்வு அவ்வளவு வேகமாகப் பரவியது.

ஆடியில் குன்னத்தில் மன்றக் கூட்டம். வெங்காய வயலோரம் தொலைநோக்கி நின்றது. ஜெயப்பிரகாஷ் நந்தினியையும் அழைத்திருந்தான்.

"சார், அந்தக் கருந்துளையால எங்க வெங்காயத்துக்கு ஏதும் ஆவுமா?" என்று கேட்டாள் வயல்காரி ரெங்கம்மாள்.

"பயப்படாதீங்க. இருக்குற தூரத்துக்கு, அது ஒரு வெங்காயத் தோலக்கூட அசைக்காது!"

"வெங்காயத்த விட்டுருதாம்" என்றது சுக்குக் காபிப் பக்கமிருந்து ஒரு குரல். "மாமனார மட்டும் தேடி வந்து புடிக்குமாம்."

கூட்டம் சிரித்தது. தலைவர் அவசரமாகத் தொலைநோக்கியைத் திருப்பி ரெங்கம்மாளைப் பார்க்கச் சொன்னார்.

"செவப்பா மினுக்குதுங்க."

"அதாம்மா மையம்!"

"போன வருசத்துக்கு இப்ப வெளிச்சம் கூடிப்போச்சுங்க."

அடுத்து நந்தினி பார்த்தாள். அது செல்போன் கோபுரத்து விளக்கு. தலைவரின் கண்ணில் புரை விழுந்து வெகுநாள் ஆகிறது என்பது அவளுக்குப் புரிந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் மன்றம் அன்றே கலைந்திருக்கும். அவள் குழாயைச் சற்றே மேலே நகர்த்தினாள்.

"மாமா சரியாத்தான் வச்சிருந்தாங்க. காத்துல நவுந்துடுச்சு. இப்பப் பாருங்க."

"அடியாத்தி! அரிசியக் கொட்டுன மாதிரில்ல இருக்கு!" என்றாள் ரெங்கம்மாள்.

கைதட்டல் முழுவதும் ராசாங்கத்துக்குப் போயிற்று. அவர் அந்தப் பெண்ணை ஒருமுறை பார்த்தார். பிறகு கோபுரத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

மறுநாளே மன்றம் கூடி, மூல நட்சத்திரத்தால் மாமனாருக்கு ஆபத்தில்லை என்று 'கண்டுபிடித்து' ஏகமனதாகத் தீர்மானித்தது. ஆவணியில் கல்யாணம். கண் ஆபரேஷனுக்கு மருமகளே கூட்டிப்போனாள். மூன்று வேளையும் சொட்டு மருந்து விட்டாள். மாமனார் நலமாகவே இருந்தார்.

கட்டுப் பிரித்த அன்று கொளஞ்சியம்மாள் கேட்டாள்: "தீர்மானமெல்லாம் போட்டீங்க. சிறுவாச்சூர் வூட்டுக்கு யாரு போயி சொல்றது? அந்தப் பொண்ணு இன்னும் அப்படியேதானே இருக்கு?"

தலைவர் புதுக் கண்ணோடு மொட்டை மாடிக்குப் போனார். இருபத்தாறாயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பது இப்போது அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. பஸ்ஸில் கால் மணி நேரத்தில் இருக்கும் அந்த வீடுதான் இன்றுவரை தெரியவில்லை.