ஆணித்தரமான ஓய்வு

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த வேலையும் செய்வதில்லை என்று ஒரு முடிவுக்கு வந்தேன். ஆணித்தரமான முடிவு. அதை நிறைவேற்ற நிஜமாகவே ஆணி தேவைப்படும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் களைப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் போனில் புகார் கேட்கும் வேலை. தொட்டி சுற்றவில்லை என்பார்கள். சுற்றினால் நிற்கவில்லை என்பார்கள். யார் எவ்வளவு கத்தினாலும் 'உங்கள் சிரமம் புரிகிறது' என்று குழைந்து சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமையாவது தூங்கலாம் என்றால், கட்டிலின் கால்மாட்டில் என் மனைவியின் தையல் மெஷின். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அவள்தான் துணி தைத்துக் கொடுக்கிறாள். மெஷின் ஓட ஆரம்பித்தால் கட்டிலும் கூடவே கிளம்பிவிடும். தூங்கி எழுந்தால் வெளியூர் போய்வந்த அலுப்பு இருக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு பின்னறை உண்டு. உடைந்த நாற்காலி, பழைய சூட்கேஸ், எதற்கு வைத்திருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாத அட்டைப்பெட்டிகள் எல்லாம் அங்கேதான் குடியிருந்தன. அந்த அறை மேல் எனக்கு ஒரு கண். மனைவிக்கு இரண்டு கண். அவள் தையலுக்குக் கேட்டாள். நான் படிப்பதற்கு என்றேன். படுப்பதற்கு என்று சொல்ல முடியுமா? ஓரெழுத்துதானே வித்தியாசம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கடைசியாக என்ன படித்தேன் என்று கேட்டாள். மாத்திரை அட்டையின் பின்பக்கம் என்பதுதான் உண்மை. கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே தீர்ப்பு சொன்னாள்.

"அங்க கெடக்கற சாமானை எல்லாம் அடுக்க ஒரு ஷெல்ஃப் வேணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அதை யார் செஞ்சு முடிக்கறாங்களோ, ரூம் அவங்களுக்கு."

அந்த 'யார்' என்ற சொல்லை நான் சரியாகக் கவனிக்கவில்லை. ஏதோ மரியாதைக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஷெல்ஃபுக்கு ஒரு சரித்திரம் உண்டு. எங்கள் வீட்டில் 'ஷெல்ஃப் வந்ததும் பார்க்கலாம்' என்றால் 'நடக்காது' என்று அர்த்தம். நான் அத்தனை காலமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். இப்போது அறை கையைவிட்டுப் போகும் என்றதும் தெருமுனைத் தச்சரிடம் ஓடினேன். அவர் பலகைகளை அளவாக அறுத்து, எதை எதோடு சேர்ப்பது என்று பென்சிலால் கோடும் போட்டுத் தந்தார். கூடவே ஆணி அடிக்கும் துப்பாக்கி ஒன்றையும் இரண்டு நாளைக்கு இரவலாகக் கொடுத்தார். வயர் இல்லை, பேட்டரியில் ஓடும். விசையை இழுத்தால் 'டக்'. ஆணி உள்ளே.

விளையாட்டுச் சாமான் இல்லை சார் என்று அவர் நிறைய எச்சரித்தார். அதில் ஒன்று மட்டும் என் காதில் தேனாகப் பாய்ந்தது. அடிக்கும்போது யாரும் பக்கத்தில் வரக்கூடாது.

அந்த நொடியில் என் திட்டம் பிறந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட வேண்டியது. அவ்வப்போது ஏதாவது ஒரு துண்டுப் பலகையில் ஒரு 'டக்'. வெளியே இருப்பவள் வேலை நடக்கிறது என்று நினைப்பாள். சாயங்காலம் நாலு ஆணியைத் தட்டி ஷெல்ஃபை நிறுத்திவிட்டால் ஓய்வுக்கு ஓய்வு, அறைக்கு அறை.

சனிக்கிழமை மனைவியை உட்காரவைத்து விதிகளைச் சொன்னேன். அவளைப் பயமுறுத்துவதுதான் நோக்கம். கண்ணுக்குக் கண்ணாடி. காதுக்குக் கனத்த காதுமூடி. அடிக்காதபோது விசையில் விரல் இருக்கக் கூடாது. இன்னொரு கை ஆணி போகும் வழியில் வரவே கூடாது. விளையாட்டுக்குக்கூட யாரையும் குறிபார்க்கக் கூடாது.

"மூக்கை மரத்துல நல்லா அழுத்தினாத்தான் சுடும்" என்றேன்.

"உங்க மூக்கையா?"

"துப்பாக்கி மூக்கை."

"பரவாயில்லையே. கண்ட எடத்துல மூக்கை நுழைக்காத ஒண்ணு இந்த வீட்டுக்கு வந்திருக்கு."

நான் அதைப் பொருட்படுத்தாமல் மேலே போனேன். முக்கியமான விதியை விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். "வேலை செய்யாதப்ப பேட்டரியைக் கழட்டித் தனியா வச்சிரணும். ஆணி சிக்கிக்கிட்டாலும் மொதல்ல பேட்டரியைக் கழட்டணும். மறக்கவே கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்றாள். ஆணி தீர்ந்தால் எப்படிப் போடுவது என்று கேட்டாள். மரத்தின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்டாள். என் வாழ்நாளில் நான் சொன்னதை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. எனக்கே ஒரு மாதிரி பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் எல்லாவற்றையும் செய்தும் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும் போர்க்கோலத்தில் பின்னறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். காதுமூடியை மாட்டியதும் உலகமே அடங்கிவிட்டது. குக்கர் இல்லை, தையல் மெஷின் இல்லை, புகார் இல்லை. இவ்வளவு நிம்மதி கடையில் விற்கிறது என்று தெரியாமல் இத்தனை வருஷம் வீணாக்கியிருக்கிறேன். துண்டுப் பலகையில் ஒரு ஆணி அடித்தேன். பழைய திரைச்சீலையைத் தரையில் விரித்துப் படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் படுத்த வாக்கிலேயே கையை நீட்டி இன்னொரு ஆணி. அப்புறம் என்னையறியாமல் அசந்துவிட்டேன்.

விழித்தபோது வெயில் ஜன்னலின் மறுபக்கத்துக்குப் போயிருந்தது. இவ்வளவு நேரம் ஒரு 'டக்' கூட இல்லை என்றால் சந்தேகப்படுவாளே. துப்பாக்கியைப் பலகையில் அழுத்தி விசையை இழுத்தேன். கையில் உதைக்கவே இல்லை. திருப்பிப் பார்த்தேன். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

முதலில் என்மேல் எனக்கு மரியாதைதான் வந்தது. தூக்கக் கலக்கத்திலும் விதியை மறக்காமல் கழற்றியிருக்கிறேனே. ஆனால் எங்கே வைத்தேன்? திரைச்சீலையை உதறினேன். அட்டைப்பெட்டிகளுக்குள் கையை விட்டுத் துழாவினேன். இல்லை. வெளியே போய்த் தேடலாம் என்றால் குட்டு உடைந்துவிடும். சுத்தியல் கேட்கலாம் என்றால், இனி அது எதற்கு என்று முந்தின நாள்தான் பந்தாவாகப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தேன்.

வேறு வழி தெரியவில்லை. கதவுப் பக்கம் திரும்பி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, "டக்" என்றேன்.

காதுமூடி இருந்ததால் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் பலமாக "டக்" என்றேன். வரவர எனக்கே ஒரு லயிப்பு வந்துவிட்டது. கெட்டி மரத்துக்கு ஒரு சத்தம், இளகின மரத்துக்கு ஒரு சத்தம். நடுநடுவே ஆணி கோணிக்கொண்டது போல ஒரு "ச்ச". இந்த வித்தையில் நான் கண்ணை மூடிக்கொண்டு முன்னேறிக்கொண்டிருந்தபோது, என் ஒரு காதிலிருந்து காதுமூடி மெல்ல விலகியது.

மனைவி நின்றிருந்தாள். கையில் பேட்டரி.

"டக்" என்று கடைசியாக ஒன்று தானாகவே வெளியே வந்துவிட்டது.

"எப்ப எடுத்தே?" என்றேன்.

"நீங்கதானே சொன்னீங்க, வேலை செய்யாதப்ப கழட்டி வைக்கணும்னு. காபி கொண்டாந்தேன். தலைமாட்டுல துப்பாக்கி, வாயைத் தெறந்துட்டு நீங்க. தூக்கத்துல கைபட்டு ஏதாவது ஆயிருந்தா?"

குரலில் கிண்டல் இல்லை. நிஜமாகவே பயந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவள் கண்ணாடியையும் காதுமூடியையும் வாங்கி மாட்டிக்கொண்டாள். தலைப்பை இழுத்துச் செருகினாள். பேட்டரியைப் பொருத்தினாள். விரலை விசையிலிருந்து தள்ளியே வைத்திருந்தாள். துப்பாக்கி மூக்கைப் பென்சில் கோட்டின் மேல் அழுத்தினாள். 'டக்'. தையல் போடுகிற மாதிரி வரிசையாக, ஒன்றுகூடக் கோணாமல் ஆணிகள் இறங்கின.

நான் களைத்துப்போன மனுஷன், எனக்கென்று ஒரு மூலைகூட இந்த வீட்டில் கிடையாதா என்று தழுதழுத்தேன். ஒரு பக்கத்துக் காதுமூடியைத் தூக்கிக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"உங்க சிரமம் புரியுது. ஆனா அடிக்கறப்ப பக்கத்துல யாரும் வரக்கூடாதே. கதவைச் சாத்திட்டுப் போங்க."

சாத்திவிட்டு வந்தேன். ஹாலில் உட்கார்ந்து என் அறை அவள் அறையாக மாறுவதை ஒவ்வொரு 'டக்'காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆகியிருந்தது. சத்தம் திடீரென்று நின்றது. ஆணி சிக்கிவிட்டதா? இனிமேல் என்னைத்தான் கூப்பிட்டாக வேண்டும் என்று ஒரு நம்பிக்கை துளிர்விட்டது. நினைத்தபடியே கதவு திறந்தது.

"என்னங்க, பேட்டரி தீந்துபோச்சு. ஒரு ஆணிதான் மிச்சம். கொஞ்சம் வந்து வாயால அடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."