ஏழாம் நம்பர் வாசல்

வாசலில் வைத்த முதல் அடியிலேயே நஞ்சுண்டன் விழுந்தார். திங்கள், செவ்வாயைப் போலவே புதன்கிழமையும் மல்லாக்கத்தான். டிபன் பாக்ஸ் தனியாக வழுக்கிக்கொண்டு போய்க் காருக்கடியில் நின்றது.

"ஏங்க, மறுபடியுமா?" என்று காமாக்ஷி ஓடி வந்தாள்.

"இல்ல, வானத்துல நட்சத்திரம் எண்ணிட்டிருக்கேன். தூக்கி விடு."

டெக்சாஸில் காப்பெல் என்ற ஊரில் இருந்த எட்டு வருஷமும் குளிர்காலம் என்பது அவருக்கு ஒரு ஸ்வெட்டர் சமாசாரம். அக்டோபரில் டெக்சாஸை விட்டு நியூ ஜெர்சிக்கு, இந்த மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்த பிறகு, தமக்கு மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அது 2009 ஜனவரி. ஆபீஸில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொன்னார். திங்கட்கிழமை விழுந்தார். பட்ட காலிலேயே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மிஞ்சியவர்களில் யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு பண்ண வெள்ளிக்கிழமை எட்டரைக்கு மீட்டிங். அன்றைக்காவது நேரத்துக்கு வர முடியுமா என்று மேனேஜர் சிரிக்காமல் கேட்டிருந்தார்.

அவருக்குப் புரியாதது ஒன்றுதான். வரிசையில் எட்டு வாசல். அவருடைய ஏழாம் நம்பர் வாசலில் மட்டும் ஐஸ். எதிர்வீட்டு நூர் முகம்மது பாய் வாசல்கூட சருகாகக் காய்ந்து கிடந்தது.

"நமக்குன்னு மட்டும் எப்படி ஐஸ் ஃபார்ம் ஆகும்?"

"கண்ணு பட்டிருக்குங்க. உப்பு மிளகா சுத்திப் போடறேன்."

"உப்பைத் தரையில போடணும், என் தலையில இல்ல. சகுனம், திருஷ்டின்னு எங்கிட்டப் பேசாதன்னு எத்தனை தடவை சொல்றது? இது ஃபிஸிக்ஸ்."

காமாக்ஷி குனிந்து காருக்கடியிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தாள். இந்த விஷயத்தில் அவரிடம் எதையும் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று அவளுக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும்.

ஃபிஸிக்ஸ்படி அன்று சாயங்காலம் ஐஸை உருக்க ஒரு மூட்டை உப்பு வாங்கி வந்து வாசல் முழுக்கக் கொட்டினார். வியாழக்கிழமை காலை பார்த்தால் உப்பைக் காணோம். ஒரு கல்லுகூட இல்லை. ஐஸ் மட்டும் முன்னைவிடப் பளபளவென்று இருந்தது. குனிந்ததில் தம் முகம் தெரிந்தது. அடுத்த நொடி இன்னும் கிட்டத்தில் தெரிந்தது.

இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டபடி காமாக்ஷி முணுமுணுத்தாள். "போதல போலிருக்கு. இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பண்ணணும்."

"எதைச் சேர்த்து?"

"தைலத்தைச் சொன்னேங்க."

கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது என்று அபார்ட்மெண்ட் ஆபீஸுக்கு போன் பண்ணிச் சண்டை போட்டார். ஏணியோடு ஒரு ஆள் வந்து, கூரையைத் தட்டிப் பார்த்து, ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று சொல்லிவிட்டு, வழுக்கும் என்று எழுதிய மஞ்சள் கூம்பு ஒன்றை வாசலில் நட்டுவிட்டுப் போனான். அது போதாதென்று நஞ்சுண்டன் கயிற்று மிதியடி ஒன்றை வாங்கி விரித்தார்.

"நாளைக்கு மட்டும் விழாம போயிட்டா போதும், காமாக்ஷி."

"நான் பார்த்துக்கறேங்க. நீங்க நிம்மதியா தூங்குங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குக் கதவைத் திறந்தார். மிதியடி அப்பளமாக விறைத்து, மேலே கண்ணாடி போட்டதுபோல் இருந்தது. கால் வைத்ததுதான் தெரியும். கூம்பைக் கட்டிப்பிடித்தார். கூம்பும் கூடவே வந்தது. இரண்டும் சேர்ந்து போய், கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்த நூர் முகம்மது பாயின் காலடியில் நின்றன.

"அடி பலமா சார்?"

"பாய், இந்த வேலை போச்சுன்னா விசா போச்சு. விசா போச்சுன்னா நாங்க மூட்டை கட்ட வேண்டியதுதான். எவனோ வேணும்னே என் வாசல்ல தண்ணி ஊத்தறான் பாய். அவன் மட்டும் கையில கிடைக்கட்டும்." சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

பாய் அவரைத் தூக்கி நிறுத்தி, கோட்டில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, கொஞ்சம் தயங்கினார்.

"என்ன சார், உங்களுக்குத் தெரியும்னுல நெனச்சேன். விடியறதுக்கு முன்னாடி ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்திருக்கும்போது தினமும் பார்க்கறேன், உங்க வீட்டம்மாதான் சுடச்சுட வெந்நீர் தெளிக்கறாங்க. வாசல் காஞ்சு கிடந்தா லட்சுமி உள்ள வரமாட்டாளாம், உங்க வேலை போயிடுமாம். இன்னிக்கு முக்கியமான மீட்டிங்குன்னு ரெண்டு பக்கெட்."