வெளுத்ததெல்லாம் உயிரொளி

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மீன்தொட்டிக் கடைக்குள் ஞாயிற்றுக்கிழமை நுழைய முடியாது. மீன் வாங்க வந்த கூட்டமா? மீனாவது, வாலாவது! எல்லாரும் ஒளிஞானியைப் பார்க்க வந்தவர்கள். ஆளுக்கொரு கண்ணாடி ஜாடி. ஜாடிக்குள் உப்புத் தண்ணீர், தண்ணீருக்குள் வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் கடல் பவளம். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்கள்.

பவளம் உயிருள்ள பிராணி. அதை வீட்டில் வளர்க்க ஏற்ற விளக்கு வேண்டும். எந்த விளக்கு என்பதுதான் புதியவர்களுக்குத் தலைவலி. தலைவலி இருக்கும் இடத்தில் தைலம் விற்பவன் முளைக்காமல் இருப்பானா? அந்தக் கடைக்காரர் ஒருநாள் வெள்ளை அங்கி மாட்டினார்; ஞானம் தானாக வந்துவிட்டது, கடைக்காரர் ஒளிஞானி ஆகிவிட்டார்.

தொட்டி எவ்வளவு ஆழம், உள்ளே என்ன பவளம் என்றெல்லாம் அவர் கேட்கமாட்டார். குடும்பத் தலைவரின் பிறந்த தேதியைக் கேட்பார். கேட்டு, கண்ணை மூடி, அலமாரியிலிருந்து ஒரு விளக்கை இறக்குவார். எந்தத் தேதியில் பிறந்தவருக்கும் இறங்குவது ஒரே நீல விளக்குதான். பெட்டியின் நிறம் மட்டும் மாறும்.

புதிதாகப் பவளத் தொட்டி வாங்கிய நம் பேருந்து ஓட்டுநரும் அங்கேதான் மாட்டினார். சாலையில் எதிரே வருகிற லாரிக்காரன் குடித்திருக்கிறானா என்று தூரத்திலேயே கண்டுபிடிக்கிற மனிதர். ஆனால் மனைவிக்கு ஏழு மாதம். முதல் கரு தங்கவில்லை. அந்தப் பயம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. ஒளிஞானி அதை ஒரே பார்வையில் மோப்பம் பிடித்துவிட்டார்.

"தொட்டியைப் படுக்கையறையில வைங்க. ராத்திரி பகல் விளக்கு அணையக் கூடாது. பவளத்துல உயிரொளி அணைஞ்சு போச்சுன்னா, வயித்துல இருக்கிற உயிருக்கும் நான் பொறுப்பில்ல."

அதற்குமேல் ஓட்டுநருக்குத் தூக்கம் ஏது? படுக்கையறை நீலமாக எரிந்தது. பழுப்பாக இருந்த பவளம் வெளிற ஆரம்பித்தது; கடைசியில் வெள்ளை வெளேர் என்று ஆனது. பதறியடித்து ஓடினார். ஒளிஞானி கடை விளக்கை அணைத்து, தன் நீல விளக்கை ஜாடிமேல் காட்டினார். பவளம் பச்சையாக மின்னியது.

"பாருங்க, உயிரொளி! வெளுக்கலைங்க, வீட்டுப் பாவம் கழியுது. இன்னொரு விளக்கும் சேர்த்துப் போடுங்க."

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவருக்கு அது போதாதா? இன்னொரு விளக்கும் வந்தது.

மனைவி அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அன்று மாலை கட்டிலில் சாய்ந்து, கடல் உயிர்களைப் பற்றிய ஒரு புத்தகத்தின் அச்சுத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நீல வெளிச்சத்தில் அவள் கையிலிருந்த ஹைலைட்டர் பேனாவின் மூடி, பவளத்தைவிடப் பிரமாதமாக மின்னியது.

"ஏங்க, இங்க வாங்க. என் பேனா மூடிக்கும் உயிர் வந்திருச்சு."

"விளையாடாத. வாயும் வயிறுமா இருக்கிறவ பேசுற பேச்சா இது?"

"வாயும் வயிறுமா இருக்கிறவ தூங்கவும் வேணாமா? ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் இரண்டு ஜாடிகளோடு வந்தாள். கூட்டம் வழிவிட்டது. கடை இருண்டது, நீல விளக்கு எரிந்தது. முதல் ஜாடியில் ஒரு கல்லின்மேல் பூப்போல ஏதோ பச்சைத் தீயாக மின்னியது.

"ஆகா!" என்று ஒளிஞானி கைகூப்பினார். "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு உயிரொளியை நான் பார்த்ததில்லை!"

இரண்டாவது ஜாடியில் மணல்மேல் ஒரு கரும்புள்ளி. மின்னவே இல்லை. அவர் உதட்டைப் பிதுக்கினார். "உயிர் போய் நாளாச்சு. வெளியில கொட்டிடுங்க."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க ஐயா."

"என் கண்ணு பொய் சொல்லாதும்மா."

"சரி, லைட்டைப் போடுங்க."

விளக்கு எரிந்தது. முதல் ஜாடியில் இருந்தது, பூப்போல வெட்டிக் கல்லில் ஒட்டிய பேனா மூடி. இரண்டாவது ஜாடியில் 'உயிர் போன' நத்தை கொம்பை நீட்டி, ஒரு மரியாதையும் இல்லாமல் கண்ணாடிமேல் ஏறிக்கொண்டிருந்தது.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பக்தர் கத்தினார்: "ஞானி பார்வை பட்டுச்சு, செத்த நத்தை பிழைச்சிருச்சு!"

"அப்படியா? அப்போ அந்த மூடியையும் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க" என்றாள் அவள்.

முதல் சிரிப்பு எங்கிருந்து வந்ததோ, கடை முழுவதும் பரவியது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"நீல வெளிச்சத்துல சில சாயம் மின்னும். உயிர் இருந்தாலும் மின்னும், இல்லாட்டியும் மின்னும். பவளத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. வெளிச்சத்துல அதுதான் சமைச்சுப் போடுது. ராப்பகலா அடுப்பெரிச்சா சமையல்காரன் ஓடிப்போகாம என்ன செய்வான்? பவளம் வெளுத்தது பாவம் கழிஞ்சு இல்ல, பாசி ஓடிப்போனதால; இப்போ அது பட்டினி கிடக்கு."

ஒளிஞானி அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். ஞானம் பின்வாசல் வழியாக வெளியேறிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஓட்டுநர் ஒரு விளக்கைக் கழற்றினார். மற்றதை உயரத் தூக்கிக் கட்டி, பகலில் சில மணி நேரம் மட்டும் எரியும்படி டைமர் வைத்தார். தொட்டியைக் கூடத்துக்கு மாற்றினார். ஆனாலும் மனசு ஆறாமல் மனைவியிடம் கேட்டார்.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? செவ்வாய்க்கிழமை டாக்டர் பார்த்துச் சொல்வாங்க. இந்தத் தடவையாவது கூட வாங்க. போன ஸ்கேனுக்கு நான் தனியாப் போய் உக்கார்ந்திருந்தேன். நீங்க ஜாடியைத் தூக்கிட்டு அவன்கிட்ட நின்னுட்டு இருந்தீங்க."

ஓட்டுநருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திரையில் தன் பிள்ளையின் இதயம் துடித்ததைப் பார்க்காமல், ஒரு கடைக்காரன் காட்டிய பச்சை மினுக்கைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார்! அவர் அழுதார். அழட்டும், தப்பில்லை.

பயம் யாருக்குத்தான் இல்லை? அதைக் காசாக்க வருகிறவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள் ஐயா. கேள்வி கேட்பதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை.