நான்கு பேருக்கு ஐந்து போர்வை

இருந்தவர்கள்: மாகரபோ அம்மா, சவப்பெட்டிக் கடை முதலாளி. மொகெதி, பல் வைத்தியர். பிட்சோ, மூன்று டாக்சிக்குச் சொந்தக்காரர். நான்கு பள்ளத்தாக்குகளிலிருந்து ஆட்டுக்காரர்கள் நான்கு பேர். ஆக, நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஏழு.

காலை வருகைப் பட்டியலை எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டுவிட்டு மொலூபே நிமிர்ந்தார். மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து மக்காச்சோளக் களி தின்றுகொண்டிருந்தார்கள்.

மறுபடி எண்ணினார். எட்டு. மறுபக்கத்திலிருந்து எண்ணினார். அப்போதும் எட்டு.

பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுத்தவர் அவர். ஆள் குறைந்து பார்த்திருக்கிறார். கூடிப் பார்த்ததில்லை.

குறைந்திருந்தால் என்ன செய்வது என்று கட்சித் தலைவர் சொல்லிக்கொடுத்திருந்தார். நூற்றிருபது இடம். மூன்று கட்சி சேர்ந்து அறுபத்தொன்று. அதில் இந்த மலை விடுதியில் அடைத்து வைத்திருக்கும் ஏழு பேரில் ஒருத்தர் எதிர்த் தரப்புக்கு நழுவினாலும் ஆட்சி போச்சு. திங்கட்கிழமை காலை பிரதமர் தேர்வு. இன்று சனிக்கிழமை. அதுவரை யாரும் வெளியே போகக் கூடாது, யாரும் உள்ளே வரக் கூடாது. எல்லோருடைய போனும் அடையாள அட்டையும் மாவு டின்னில் போட்டுப் பூட்டியாகிவிட்டது. டின் சாவி தலைவரோடு தலைநகர் மசேருவுக்குப் போய்விட்டது. வெளிக்கதவுச் சாவி மொலூபேயின் கழுத்தில்.

"இத மட்டும் ஒழுங்கா செஞ்சிடு மொலூபே. பிரதமர் யாரா இருந்தாலும் அவரோட செயலாளர் நீதான். தனி அறை, ஹீட்டர், கூப்பிட மணி" என்று மலைக்கு வருமுன் தலைவர் சொல்லியிருந்தார்.

அன்று மாலையே அதை மொலூபே மனைவியிடம் சொன்னார். மனைவி தெருவிடம் சொன்னாள். இனி ஹீட்டர் இல்லாமல் வீட்டுக்குத் திரும்ப முடியாது.

பிரதமர் யார் என்பதுதான் முடிவாகவில்லை. மூன்று கட்சித் தலைவர்களும் மூன்று நாளாக ஒரே ஓட்டல் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். கொள்கையில் தகராறு எதுவும் இல்லை, கொள்கை பற்றிப் பேச்சே வரவில்லை. பிரதமர் நாற்காலியில்தான் மூன்று பேரும் ஒரே நேரத்தில் உட்காரப் பார்த்தார்கள்.

மொலூபே தொண்டையைக் கனைத்தார்.

"ஐயாமாரே, அம்மா. நம்மள்ல ஒருத்தர் அதிகமா இருக்கார்."

களி தின்பது நின்றது.

"யாரு?" என்றார் பிட்சோ.

"அதத்தான் நான் கேக்கறேன்."

"எங்கிட்டயா கேக்கறே? என்ன எல்லாருக்கும் தெரியும். என் வண்டில ஏறாதவன் இந்த நாட்டுல உண்டா?"

"ஏறினவன் எல்லாம் பாதி வழில இறங்கி நடந்திருக்கான்" என்றார் பல் வைத்தியர்.

கட்சி ஆரம்பித்து நான்கு மாதம்தான் ஆகிறது. வேட்பாளர் பட்டியலை நிரப்ப ஆள் கிடைக்காமல் தலைவர் தன் பல் வைத்தியரை எழுதினார், அம்மாவுக்குச் சவப்பெட்டி வாங்கிய கடைக்காரியை எழுதினார், வழியில் வண்டி நின்றபோது தள்ளிவிட்ட ஆட்டுக்காரர்களை எழுதினார். ஏழு பேர் ஜெயிப்பார்கள் என்று அவரே நினைக்கவில்லை. ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. முகம்தான் வெளியே தெரிந்தால்தானே? மலையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டுக்காரர்கள் குல்லாயைக் கண் வரை இழுத்துவிட்டு, போர்வையை மூக்கு வரை ஏற்றி ஊசி குத்தியிருந்தார்கள். மொலூபேயும் மூன்று நாளாகப் போர்வையைத்தான் எண்ணிவந்தார். நேற்று வரை நான்கு. இன்று ஐந்து.

நேற்று ஆட்டிறைச்சி வந்தபோது கதவைத் திறந்தது ஞாபகம் வந்தது. ஆளுக்கொரு போர்வையோடு இரண்டு பேர் ஆட்டைத் தூக்கி வந்தார்கள். திரும்பிப் போனது இரண்டு பேர்தானா? அந்த நேரத்தில் அவர் ஆட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவுக்கு வெளியே மூன்று நாளாக எதிர்த் தரப்பின் ஜீப் நிற்கிறது. பாட்டுப் போடுவார்கள், இறைச்சி சுட்டு வாசனையை உள்ளே விடுவார்கள், ஒலிபெருக்கியில் "உள்ள குளிருதா? இங்க சூடா இருக்கு" என்பார்கள். இப்போது ஆளையே உள்ளே விட்டுவிட்டார்கள்.

"பேர் கூப்பிடறேன். அவங்கவங்க கை தூக்குங்க" என்றார்.

ஆட்டுக்காரர்களின் நான்கு பெயரையும் படித்தார். ஒரு கையும் எழவில்லை.

"இது யாரு பேரு?" என்று ஒரு நீலப் போர்வை கேட்டது.

"உங்கள்ல ஒருத்தர் பேருதான், ஐயா."

"எங்கப்பா வச்ச பேரு ஒண்ணு. மலைக்குப் போயி ஆம்பளைச் சடங்கு முடிச்சு வந்தப்ப வச்ச பேரு ஒண்ணு. இந்தக் காகிதப் பேர ஆபீஸ்காரன் வச்சான். அவன் கூப்பிட்டா நான் ஏன் திரும்பணும்?"

"சரி, அந்த மூணையும் சொல்லுங்க."

"மலைல வச்ச பேர பொம்பள முன்னாடி சொல்லச் சொல்றியா?" நீலப் போர்வை எழுந்தது. மற்ற நான்கு போர்வைகளும் கூடவே எழுந்தன.

"நான் காதப் பொத்திக்கறேன். சொல்லித் தொலைங்க, களி ஆறுது" என்றார் மாகரபோ அம்மா.

அவர்கள் சொல்லவில்லை. மொலூபே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஐந்து போர்வையும் உட்கார்ந்தன. ஆனால் இப்போது மேஜையில் யாரும் யாரையும் நம்பவில்லை. பிட்சோ தன் தட்டைப் பக்கத்து ஆளிடமிருந்து தள்ளி வைத்துக்கொண்டார்.

சமையலறை வாசலில் மானெயோ கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விடுதிச் சமையல்காரி, வாயே திறக்க மாட்டாள்.

மொலூபேக்கு ஒரு யோசனை வந்தது. எதிரி ஆள் எதை வேண்டுமானாலும் நடிப்பான், நம் ஆட்சியில் மந்திரி பதவி கேட்க அவனுக்கு மனசு வராது.

"தலைவர் ஒரு விஷயம் சொல்லச் சொன்னார். யாருக்கு எந்தத் துறை வேணும்னு குறிச்சிட்டு வரச் சொன்னார்" என்று பொய் சொன்னார்.

சொல்லி வாய் மூடவில்லை.

"சுகாதாரம் எனக்கு" என்றார் மாகரபோ அம்மா.

"சவப்பெட்டிக் கடைக்கு சுகாதாரமா? ரெண்டு பக்கமும் வியாபாரமா?" என்றார் பல் வைத்தியர்.

"உன் கிளினிக்லேர்ந்துதான்யா எனக்குப் பாதி வாடிக்கை வருது. நீ பேசாதே."

"போக்குவரத்து!" என்று பிட்சோ மேஜையைக் குத்தினார். "எனக்குப் போக்குவரத்து. என்னைத் தவிர எவனும் டாக்சி ஓட்டக் கூடாது!"

நீலப் போர்வை தண்ணீர்த் துறையைக் கேட்டது. பச்சைப் போர்வையும் அதையே கேட்டது. இந்த நாட்டில் விற்பதற்கு இருப்பது தண்ணீர் ஒன்றுதான் என்பது ஆட்டுக்காரனுக்கும் தெரியும். இரண்டு பேரும் கைத்தடியை எடுத்தார்கள்.

"எனக்குத் தண்ணி இல்லேன்னா நான் அந்த ஜீப்புக்குப் போறேன். அங்க கறியாச்சும் கிடைக்கும்" என்று பச்சைப் போர்வை கதவைப் பார்த்து நடந்தது.

மொலூபே குறுக்கே ஓடினார். "ஐயா, ஐயா! ரெண்டு தண்ணி இருக்கு! மழைத் தண்ணி ஒரு துறை, ஆத்துத் தண்ணி ஒரு துறை!"

"பனி?" என்றது சிவப்புப் போர்வை.

"பனி?"

"அதுவும் தண்ணிதானே? அது யாருக்கு?"

பனித் துறை பிறந்தது. பக்கத்தில் இருந்த கறுப்புப் போர்வை, தனக்கு மட்டும் ஒன்றும் இல்லையா என்று அழாத குறையாகக் கேட்டது. அதற்கு ஆட்டுத் துறை. கோபம் தணிய பல் வைத்தியருக்குத் துணைப் பிரதமர். அது தெரிந்து மாகரபோ அம்மாவுக்கும் துணைப் பிரதமர். தானும் துணைப் பிரதமராகாவிட்டால் மூன்று டாக்சியையும் எதிர்த் தரப்புக்கு ஓட்டுவேன் என்றார் பிட்சோ. மதியத்துக்குள் ஏழு பேருக்கு ஒன்பது பதவி கொடுத்தாகிவிட்டது. இதில் எதையும் கொடுக்க மொலூபேக்கு அதிகாரம் இல்லை. தலைவர் திங்கட்கிழமை இந்தக் காகிதத்தைப் பார்த்தால் ஹீட்டரை மறந்துவிட வேண்டியதுதான்.

அப்போதுதான் கவனித்தார். மூலையில் பழுப்புப் போர்வை ஒன்று இந்தச் சண்டையில் சேரவே இல்லை.

"உங்களுக்கு என்ன எழுதட்டும், ஐயா?"

"எனக்கு எதுவும் எழுத வேண்டாம்" என்றார் அவர்.

"எதுவுமேவா?"

"இருக்கறவங்களுக்குக் குடுங்க. எனக்கு வேண்டாம்."

சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல மொகெதி அவரைப் பார்த்தார்.

பழுப்புப் போர்வை எழுந்து, தான் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தது.

"பாத்தியா?" என்று பிட்சோ மொலூபேயின் காதைக் கடித்தார். "தட்டக் கழுவறான். எம்.பி. தட்டக் கழுவுவானா?"

"அவசரப்படக் கூடாது" என்றார் மொலூபே. நியாயமான மனிதர். பள்ளிக்கூடத்தில்கூட இரண்டு தரம் பெயர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆப்சென்ட் போடுவார்.

கடைசிச் சோதனை வைத்தார்.

"நம்ம கட்சியோட தேர்தல் அறிக்கைல மொத வாக்குறுதி என்ன? தெரிஞ்சவங்க சொல்லுங்க."

"அறிக்கைன்னு ஒண்ணு இருந்துதா?" என்றார் மாகரபோ அம்மா.

"மஞ்ச அட்டை போட்டது. அடுப்பு பத்த வைக்க எடுத்தோம்" என்றது நீலப் போர்வை.

உண்மையைச் சொன்னால் மொலூபேக்கும் தெரியாது. அவர் அதில் எழுத்துப் பிழை மட்டும்தான் திருத்தினார்.

"ஒவ்வொரு மலைக் கிராமத்துக்கும் வாரம் ரெண்டு நாள் நர்ஸ்" என்றது பழுப்புப் போர்வை. "ரெண்டாவது, பள்ளிக்கூடத்துக்குக் கூரை. மூணாவது, கம்பளி விலையை ஆட்டுக்காரங்களே நிர்ணயிக்கறது. அது நல்ல யோசனை, ஆனா கணக்கு இடிக்குது. பன்னண்டாம் பக்கத்துல. நம்ம கூட்டணியோட மத்த ரெண்டு அறிக்கையையும் படிச்சேன். அதுலயும் இடிக்குது."

மூன்றையும் படித்திருக்கிறான்!

மொலூபேக்கு இனி சந்தேகமே இல்லை. பதவி வேண்டாம் என்கிறான், தட்டைக் கழுவுகிறான், அறிக்கையைப் படித்திருக்கிறான். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே அவன் நம் கட்சிக்காரனாக இருக்க முடியாது.

"எந்திரிய்யா" என்றார்.

"எதுக்குங்க?"

"எதுக்கா? உன் ஆளுங்க வெளிய ஜீப்ல நிக்கறாங்க. அவங்களோட போயி படி."

"நீங்க தப்பா புரிஞ்சிக்கிட்டீங்க. உங்க தலைவர ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"போன் டின்ல இருக்கு. சாவி மசேருல இருக்கு. அது தெரிஞ்சுதானே கேக்கச் சொல்றே?"

"அப்போ திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்க. நான் யாருன்னு அன்னிக்குத் தானா தெரியும்."

"திங்கக்கிழமை! அதுக்குள்ள நாலு பேர மயக்கிடலாம்னு பாக்கறியா?" என்றார் பிட்சோ.

"என்னால இப்ப வேற எதுவும் சொல்ல முடியாதுங்க. வாக்குக் குடுத்திருக்கேன்."

"வாக்கக் காப்பாத்தறானாம்!" என்று பல் வைத்தியர் சிரித்தார். "இவன் அரசியல்வாதியே இல்ல. வெளிய தள்ளுங்க."

காலையிலிருந்து முதல் தடவையாக ஏழு பேரும் ஒரே கருத்தில் இருந்தார்கள். மழைத் தண்ணீர் ஒரு கையைப் பிடித்தது. ஆற்றுத் தண்ணீர் மறு கையைப் பிடித்தது. மூன்று துணைப் பிரதமர்களும் பின்னால் வந்தார்கள். மானெயோ சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே "ஐயா..." என்று ஆரம்பித்தாள்.

"நீ போய் அடுப்பப் பாரு" என்றார் மொலூபே.

கழுத்துச் சாவியால் கதவைத் திறந்தார்கள். பனிக்காற்று முகத்தில் அடித்தது. பழுப்புப் போர்வை சண்டை போடவில்லை. குல்லாயைச் சரிசெய்துகொண்டு, "அந்தப் பனித் துறைய மட்டும் எடுத்துடுங்க. கேலி பண்ணுவாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கியது.

ஜீப்பிலிருந்து இரண்டு பேர் குடையோடு ஓடிவந்தார்கள். ஒருத்தன் சூடான சூப்பை நீட்டினான். அவர் சூப்பைப் பார்த்தார், பனியைப் பார்த்தார், விடுதியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஏறினார். மூன்று நாளாக நகராத ஜீப் சட்டென்று உறுமிக் கிளம்பி, மலைப்பாதையில் இறங்கி மறைந்தது.

"பாத்தீங்களா? அவங்க ஆளக் கூட்டிட்டுப் போக வந்தவங்கதான்" என்றார் மொலூபே.

பிட்சோ அவர் முதுகில் தட்டினார். "செயலாளர்னா நீதான்யா செயலாளர்!"

மொலூபே கதவை இழுத்துச் சாத்தினார். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினார். நாதாங்கியையும் போட்டார். ஏழு. எண்ணிப் பார்த்தார், ஏழேதான். பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு நிம்மதி இருந்ததில்லை.

திரும்பினால், மானெயோ மூடி போட்ட தட்டு ஒன்றை ஏந்திக்கொண்டு நின்றிருந்தாள். மூடிக்குள்ளிருந்து வறுத்த ஈரல் மணத்தது.

"இத இனிமே யாருக்கு வைக்கறதுங்க? நேத்து கறி கொண்டுவந்தவரு அவர எங்கிட்டதான் ஒப்படைச்சிட்டுப் போனாரு. மூணு தலைவருங்களும் பேசி முடிச்சிட்டாங்களாம், நம்ம கூட்டணி எம்.பி.தானாம், திங்கக்கிழமை இவருதான் பிரதமராம், ஓட்டுப் போடற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாதே, முக்கியமா அந்த மொலூபேகிட்ட சொல்லிடாதே, அவரு வாயில எதுவும் நிக்காதுன்னாரு. அதான் ஐயா, நான் சொல்லல."