சாவி இல்லை என்று சொன்ன கார்

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். இதை இப்போதெல்லாம் நானாக வாயைத் திறந்து சொல்வதில்லை. பேங்க் விண்ணப்பத்தில் படிப்பு என்ன என்று கேட்டால்கூட 'பட்டதாரி' என்று மொட்டையாக எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், என் தங்கை கலைச்செல்வியின் கல்யாணத்துக்கு முதல் நாள், பெருநகர் என்கிற கிராமத்தில் பாதி ஊர் கூடியிருந்த இடத்தில் அந்தப் பட்டத்தை நானே கிழித்துப் போட்டுவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. (படித்த படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் இருந்த ஒரே தொடர்பு, ரெண்டும் எனக்குச் சரியாகப் புரியவில்லை என்பதுதான்.) எங்களுக்கு உத்திரமேரூர். கல்யாண மண்டபமும் அங்கேதான். மாப்பிள்ளை பாலாஜிக்குப் பெருநகர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரை அழைத்துவர வேண்டியது பெண்ணுக்கு அண்ணனான என் பொறுப்பு. நைனா அதற்காக நல்லதாக ஒரு வெள்ளைக் காரைப் பேசி வைத்திருந்தார். நான்தான், "ஊர்ல எல்லா மாப்பிள்ளையும் வர்ற வண்டியில நம்ம மாப்பிள்ளையும் வர்றதா?" என்று அதை ரத்து செய்யவைத்தேன். ஆபீஸ் நண்பன் ஹரியின் காலைப் பிடித்து, அவன் அப்பாவின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ரெண்டு நாளைக்கு வாங்கி வந்தேன்.

ரெண்டே சீட். உயரம் என் இடுப்புக்குக் கீழே. வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் நைனா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, ரோடு ரோலர் ஏறி எறங்கின மாதிரி கீது?" என்றார்.

ஆனால் சொந்தக்காரர்களுக்கு அது பிடித்துப் போயிற்று. முக்கியமாக அதன் சாவி. சாவி என்றால் நுழைத்துத் திருகுகிற சாவி இல்லை. கூழாங்கல் மாதிரி ஒன்று. அது பாக்கெட்டில் இருந்தாலே போதும், உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்பும். சாவியில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் விளக்கெல்லாம் மினுக்கிக் 'கீக் கீக்' என்று சத்தம் போடும். சனிக்கிழமை முழுக்க யார் வந்தாலும் கீக் கீக். காபி குடித்துக்கொண்டே கீக் கீக். பந்தல்காரருக்கு மட்டும் நாலு தடவை.

ஞாயிறு மத்தியானம் கிளம்பினேன். ஒவ்வொரு வேகத்தடையையும் நண்டு மாதிரி குறுக்கே ஏறி இறங்கி, ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லுக்கு ஒதுங்கி, ஒருவழியாகப் பெருநகர் போய்ச் சேர்ந்தேன். சம்பந்தி வீட்டு வாசலில், ரோட்டை அடைத்து, வண்டியை நிறுத்தி இறங்கினேன். கடைசியாக ஒரு கீக் கீக் அடிக்கலாம் என்று பொத்தானை அமுக்கினேன். சத்தம் வரவில்லை. கூட்டச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலரைக்கு ராகு காலம். அதற்குள் மாப்பிள்ளை கிளம்பியாக வேண்டும். நாலு மணிக்கு ஆரத்தி எடுத்து, பாலாஜியைக் காரில் உட்காரவைத்தார்கள். பேண்டு செட்டுக்காரர்களிடம், "வண்டி கெளம்பற வரைக்கும் நிறுத்தக் கூடாது" என்று சொல்லியிருந்தார்கள். நான் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டனை அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினேன். பாலாஜி மெதுவாக, "மச்சான், ஸ்கிரீன்ல சாவி இல்லன்னு வருது" என்றார்.

"சாவி என் பாக்கெட்ல இருக்கு மாப்ளே. அது சும்மா அப்படித்தான் போடும்."

மூன்றாம் தடவை அழுத்தினேன். "மறுபடியும் அதேதான் மச்சான் வருது."

"மாப்ளே, நான் மெக்கானிக்கல்" என்றேன்.

அவர் பவ்யமாகத் தலையாட்டினார். புது மாப்பிள்ளை, பாவம்.

இறங்கி, கூட்டத்தைப் பார்த்து, "பேட்டரி டவுன்" என்று அறிவித்தேன். யாரோ ஜன்னல் வழியே கையை விட்டு ஹாரனை அமுக்கினார்கள். தெரு அதிர்ந்தது. சரி, பேட்டரி இல்லை, இன்ஜினில்தான் கோளாறு என்று முன்பக்க மூடியைத் தூக்கினேன்.

உள்ளே இன்ஜின் இல்லை.

ஒரு ஜோடி பேட்மின்டன் ஷூவும் ஒரு துண்டும் இருந்தன. பேண்டு செட்டைத் தவிர எல்லோரும் அமைதியானார்கள். ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டார்: "வர்ற வழியில எங்கனா உட்டுட்டியா தம்பி?"

பாலாஜி உள்ளே இருந்தபடியே, "பின்னாடி இருக்கும் மச்சான்" என்றார்.

"தெரியும் மாப்ளே. சும்மா செக் பண்ணேன்" என்றேன். (தெரியாது.)

ஹரிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. பிறகு தெரிந்தது, ஐயா மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்ததாகத் தள்ளச் சொன்னேன். பத்துப் பேர் தள்ளினார்கள். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி மாதிரி அசையாமல் நின்றது. பேண்டு செட் அதே பாட்டை நாலாவது முறையாக ஆரம்பித்தது. மணி நாலு பத்து.

அப்போதுதான் அந்தப் பேச்சு காதில் விழுந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "பொண்ணு வூட்டு வண்டியே வாசல்ல படுத்துக்கினு கீது. நாளைக்கு அந்தப் பொண்ணு காலை வெச்சா இந்த வூடு இன்னாவும்?"

அதுவரைக்கும் எனக்கு வெட்கம்தான் இருந்தது. அந்த நிமிஷம் பயம் வந்துவிட்டது. நாலு பேர் தலையாட்டினார்கள். சம்பந்தி என் முகத்தைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் வெட்டிப் பெருமைக்கு, மண்டபத்தில் மருதாணியோடு உட்கார்ந்திருக்கிற கலைச்செல்வி காலம் பூராவும் பேச்சு வாங்க வேண்டுமா? சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளையின் சித்தப்பா டிராக்டரைக் கொண்டுவந்து, கயிற்றைக் காரின் முன்பக்கத்தில் எங்கே கட்டுவது என்று தேடத் தொடங்கினார். நானும் குனிந்து தேடினேன். இதற்குள் பின்னால் ஒரு கம்பெனி பஸ் வந்து, வழி இல்லாமல் ஹாரன் அடித்தது. ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்குகிற பஸ். அதிலிருந்து நீலச் சட்டை யூனிபாரத்தில் ஒரு பெண் இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, கயித்தக் கட்டாதீங்க. முன்னாடி பூரா பிளாஸ்டிக்கு. பிச்சுக்கினு வந்துடும்."

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஸ்டெல்லாவா? நீ போய் பஸ்ல குந்தும்மா. ஆம்பளைங்க பாத்துக்கினு கீறோம் இல்ல?"

அவள் நகரவில்லை. அவள் அம்மா இவர்கள் நிலத்துக்கு நடவுக்கு வருகிறவர் என்று பிறகு தெரிந்தது. சித்தப்பாவின் பேச்சைத் தாண்டி அங்கே நின்றதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதும் பிறகுதான் புரிந்தது. அவள் என்னிடம் கேட்டாள்: "ஸ்கிரீன்ல இன்னா காட்டுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாலாஜி, "சாவி இல்லன்னு காட்டுது!" என்று கத்தினார். கால் மணி நேரமாக அடக்கி வைத்திருந்தது.

"சாவியக் குடுங்க" என்று கையை நீட்டினாள். நான் கொடுத்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

அவள் சாவியைத் திருப்பிப் பார்த்து, பொத்தானை ரெண்டு தடவை அமுக்கினாள். சத்தம் இல்லை. "ரொம்ப அமுக்கினீங்களா?"

"கொஞ்சம்" என்றேன்.

சிரித்தாள். "உள்ள செல்லு தீந்து போச்சு. உள்ள ஏறுங்க. பிரேக்க மிதிங்க. இப்ப சாவியவே அந்தப் பட்டன் மேல வெச்சு அமுக்குங்க. கிட்ட வெச்சா செல்லு இல்லன்னாலும் வண்டி கண்டுபுடிச்சுக்கும்."

அமுக்கினேன். முதுகுக்குப் பின்னால் இன்ஜின் உறுமியது. (உண்மையிலேயே பின்னால்தான் இருந்தது.) பேண்டு செட்டுக்காரர் பயந்து குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். கூட்டம் கைதட்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததற்கு அன்று கிடைத்த ஒரே பலன் அது.

ஸ்டெல்லா அதோடு போயிருக்கலாம். போகவில்லை. பெரியம்மா பக்கம் திரும்பினாள். பெரியம்மா அதே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னதில் இவள் காதிலும் விழுந்திருக்கிறது.

"பெரிம்மா, இது சகுனம் இல்ல, செல்லு. கைக்கடிகாரத்துல போடறோமே, அந்த மாதிரி ஒண்ணு. கம்பெனில நாள் பூரா கார் சாவிக்குள்ள இதை மாட்டி டெஸ்ட் பண்றதுதான் என் வேலை. தீந்தா வேற மாத்துவாங்க. இதுக்குப் போய்ப் பொண்ண இன்னாத்துக்கு இழுக்கறீங்க?"

பெரியம்மா, "நான் இன்னா சொல்லிட்டேன் இப்ப?" என்று முக்காடு போட்டுக்கொண்டாள். சம்பந்தி அப்போதுதான் வாயைத் திறந்தார். "அதான் கெளம்பிச்சு இல்ல, வேன்ல ஏறுங்க எல்லாரும்." மணி நாலு இருபத்தைந்து.

நான் ஜன்னல் வழியாக, "நாளைக்குக் கல்யாணத்துக்கு வந்துடும்மா" என்றேன்.

"லீவு தர மாட்டாங்கண்ணே. இன்னிக்கே சர்ச்சுக்குக்கூடப் போவாம ஓவர் டைம் பாத்துட்டு வர்றேன்" என்றாள். பிறகு குனிந்து, "உத்திரமேரூர் போற வரைக்கும் ஆஃப் பண்ணிடாதீங்க. வாட்ச் கடையில செல்லு கெடைக்கும்" என்றாள்.

மண்டபத்தில் நான் எதையும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். பாலாஜி முதல் வேலையாகச் சொல்லிவிட்டார். கலைச்செல்வி சிரித்துச் சிரித்து, பெரியம்மா பேசிய இடம் வந்ததும் நிறுத்தினாள். "அந்தப் பொண்ணு நம்பர் வாங்கினியா?" என்றாள். நான் வாங்கவில்லை. பாலாஜி நாலு பேருக்குப் போன் போட்டு நம்பரைப் பிடித்தார். தங்கை அவளிடம் என்ன பேசினாளோ தெரியாது. மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு முன்னாலேயே ஸ்டெல்லா பச்சைப் பட்டுப்புடவையில் தன் அம்மாவோடு வந்து இறங்கினாள். சொல்லாமல் போட்ட லீவு. கலைச்செல்வி அவர்கள் ரெண்டு பேரையும் மேடைக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டாள். சித்தப்பாதான் அவர்களைப் பந்திக்கு அழைத்துப் போனார். நைனா அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு "சாப்டு போங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

இன்றைக்கு என் தங்கை அந்த வீட்டில் நன்றாக இருக்கிறாள். அவள் மகன் ஸ்டெல்லாவை அத்தை என்று கூப்பிடுகிறான். எங்கள் வீட்டில் மிக்ஸி சுற்றாவிட்டாலும், டிவியில் படம் வராவிட்டாலும், நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தவுடன் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "ஸ்டெல்லாவக் கேட்டியா?"

போன மாதம் என் புது ஸ்கூட்டர் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் திடீரென்று மக்கர் பண்ணியது. ஸ்டார்ட் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். யாரும் பார்க்காத பக்கமாகத் திரும்பி நின்று ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். இப்போது அவள் லைன் சூப்பர்வைசர். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"ஸ்டெல்லா, வண்டி ஸ்டார்ட் ஆகலம்மா."

"சைடு ஸ்டாண்ட எடுத்தீங்களா அண்ணே?"

குனிந்து பார்த்தேன். ஸ்டாண்டு போட்டபடியே இருந்தது. பிறகு, "சிக்னல் சரியில்லம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.