சீமாட்டிக்கு ஒரு மாப்பிள்ளை

ஓசூர்
22.1.1989

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை வீரலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் குழந்தை செல்வியும் சுகம். அங்கே நீங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் போடாமல் இருந்த ஐந்து மாதமும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆவணியில் வந்த கடிதத்துக்குத் தையில் பதில் எழுதுகிறவளை மதினி என்ன சொல்லித் திட்டினாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

வெள்ளைக்கழிச்சலில் ஒரே வாரத்தில் பதினான்கு கோழியும் போய்விட்டன, கூட்டைப் பிரித்துவிட்டுப் பண்ணைக்கோழிக்கு ஷெட் போடப் போகிறேன், இனி அம்மாவின் கோழி வம்சத்தில் உன்னிடம் இருக்கிற சீமாட்டி ஒன்றுதான் மிச்சம் என்று நீங்கள் எழுதியிருந்ததை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். அந்த நேரம் சீமாட்டி தண்ணீர்த்தொட்டி ஓரத்தில் என் துணி சோப்பைக் கொத்திக்கொண்டிருந்தாள். அண்ணே, நான் விலங்கியல் படித்தவள். பூமியைவிட்டே போய்விட்ட பறவைகளின் பெயர்களை வரிசையாக எழுதி மார்க் வாங்கியவள். அந்த வரிசையில் அடுத்து நிற்பது என் வீட்டு சோப்பைத் தின்னும் என்று எந்தப் பேராசிரியையும் சொல்லித் தரவில்லை. சரி, குஞ்சு பொரித்தபிறகு நல்ல சேதியோடு எழுதுவோம் என்று பேனாவை மூடி வைத்தேன். தாமதத்துக்குக் காரணம் அதுதான்.

சீமாட்டி இட்ட முட்டையில் ஒன்பதை எடுத்து, அம்மா செய்கிற மாதிரியே கூடையில் மணல் பரப்பி, கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு, இடிக்கு முட்டை கலங்காமலிருக்க இரும்பும் வைத்து அடை வைத்தேன். இரும்புக்கு நம் வீட்டில் பஞ்சமா? கம்பெனியில் ரிஜெக்ட் ஆன பேரிங் ஒன்றை அவர் கொண்டுவந்தார். ஆனால் இந்த ஊரில் இடியா இடிக்கிறது? மூன்று ஷிப்டுக்கும் கம்பெனிச் சங்கு, மத்தியானம் குவாரியில் வெடி. சங்கு ஊதும்போதெல்லாம் சீமாட்டி எழுந்து நின்று உட்காருகிறாள். ஒரு முழு வெள்ளைத்தாளில், இருபத்தொரு நாளைக்கு மட்டும் சங்கைச் சற்றுத் தணிவாக ஊதினால் ஒரு வம்சம் பிழைக்கும் என்று நல்ல இங்கிலீஷில் மேனேஜருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, இவருக்குத் தெரியாமல் தபாலில் சேர்த்தேன். மேனேஜர் இவரைக் கூப்பிட்டு, "என்ன பாஸ்கரன், யூனியன்ல கோழியையும் சேத்துட்டீங்களா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து கேண்டீனில் இவர் பெயர் கோழி பாஸ்கரன். ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

இருபத்தொரு நாளாயிற்று, இருபத்தைந்தும் ஆயிற்று, ஒரு முட்டை அசையவில்லை. பக்கத்து வீட்டு நாராயணம்மா வந்து ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தார்.

"கூமுட்டைம்மா. ஒம்போதும் கூமுட்டை. இன்னொண்ணு கேக்குறன், கோச்சுக்காத. சேவலு எங்கம்மா?"

நான் எழுந்து போய்த் தெருவை எட்டிப் பார்த்தேன்.

"தேவுடா! காலேஜில என்னதாம்மா சொல்லிக் குடுத்தாங்க?"

என்னத்தைச் சொல்ல அண்ணே? நம் ஊரில் சேவலைப் பற்றி யார் யோசித்தார்கள்? அது பாட்டுக்குக் காற்று மாதிரி தெருவில் இருந்தது. யார் வீட்டுச் சேவல், எந்த வேலி தாண்டி வந்தது என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. அடை வைத்தால் பொரிக்கும், அவ்வளவுதான். இங்கே நான்கு தெரு தேடிவிட்டேன். எல்லார் வீட்டிலும் முட்டை அட்டையில் இருக்கிறது. குஞ்சு கடையில் அட்டையோடு வரும் என்று செல்வி நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கடைசியில் காலனிக்குப் பின்னால் இருக்கிற ஊரில் ராமப்பன் என்பவர் வீட்டில் ஒரு நாட்டுச்சேவல் இருப்பதாகக் கேள்விப்பட்டு, சீமாட்டியை ஒயர்கூடையில் வைத்து, செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

"அது முனியப்பனுக்கு உட்டதும்மா. அடுத்த அமாவாசைக்கு அறுக்கணும். சாமி சொத்து," என்றார் ராமப்பன்.

"சாமி சொத்துதான். ஒரு நாளைக்குச் சும்மா பக்கத்தில விடுங்க, போதும்."

அவர் மனைவி ரங்கம்மா உள்ளிருந்தே சிரித்தார். "உடுய்யா! பாவம், போறதுக்கு முன்னால அதுக்கும் ஒரு கண்ணாலம் ஆவட்டும்."

விட்டார். உங்கள் வளர்ப்பின் லட்சணத்தைக் கேளுங்கள். சேவல் இறக்கையை விரித்துக்கொண்டு ஆசையாகத்தான் வந்தது. சீமாட்டி அதை வீட்டைச் சுற்றி மூன்று சுற்றுத் துரத்தி, கொண்டையைக் கொத்தி ரத்தம் பார்த்துவிட்டாள். ஊனப்பட்டதைச் சாமிக்குக் கொடுக்கக்கூடாதாம். அன்றைக்கே குழம்பாகிவிட்டது, எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது, தொடவில்லை. முனியப்பனுக்குப் பதில் சேவல் வேண்டுமே! நானும் ரங்கம்மாவும் அலையாத இடமில்லை. அமாவாசையன்று வெள்ளைப் பண்ணைக்கோழி ஒன்றைத்தான் கொண்டுபோய் நிறுத்தினோம். "சாமி ஒண்ணியும் சொல்லல. அவருக்கும் பழகிப்போச்சு போல," என்றார் ராமப்பன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே அண்ணே, ஒரு வேண்டுகோள். அம்மா இருந்தவரை எத்தனை வீட்டுக்குக் கோழியை வாரத்துக்கு விட்டிருப்பார்கள்! நீ வளர்த்துக்கோ, குஞ்சில் பாதி எனக்கு என்று சொல்லிவிட்டு, அந்தப் பாதியையும் கேட்காமல் விட்டுவிடுவார்கள். அந்த வீடுகளுக்கெல்லாம் ஒரு நடை போய், யார் கூட்டிலாவது நம் ஜாதியில் ஒரு சேவல் தப்பியிருக்கிறதா என்று பாருங்கள். இருளாயி சித்தி வீட்டில் முதலில் கேளுங்கள். கிடைத்தால் கூடையில் வைத்து நீங்களே பஸ் ஏறிவிடுங்கள்.

கோழிக்காக இவ்வளவா என்று இவர் கேட்கிறார். நியாயம்தான். ஆனால் இதை யாரிடம் சொல்வது? சாயங்காலம் வாசலில் நின்று "பா பா பா" என்று சீமாட்டியைக் கூப்பிடும்போது மட்டும் என் தொண்டையில் அம்மாவின் குரல் வருகிறது. செல்வியைக் கூப்பிட்டால் வரவில்லை, பாட்டுப் பாடினால் வரவில்லை. தனியாக நின்று சும்மா கூப்பிட்டும் பார்த்தேன், வரவில்லை. இவளும் போய்விட்டால் அந்தக் குரலில் நான் யாரைக் கூப்பிடுவேன்?

மதினிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியும் முத்தமும். பண்ணைக்கோழிகளுக்கும் நோய்நொடி வராமல் அழகர் காக்கட்டும். அவையும் என்ன செய்யும் பாவம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை
வீரலட்சுமி

பி.கு.: தபாலில் போடுவதற்குள் விடிந்துவிட்டது. விடிந்ததும் சீமாட்டி மதில்மேல் ஏறி நின்று கூவினாள். ஆமாம் அண்ணே, சேவல் மாதிரியே. மூன்று மாதமாக முட்டை இல்லை, கொண்டை பெரிதாகிறதே, தீனி நல்ல தீனி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்டை கூவினால் வீட்டுக்கு ஆகாது, அறுத்துடும்மா என்று நாராயணம்மா காலையிலிருந்து நிற்கிறார். நான் விடவில்லை. கூப்பிட ஒருத்தரும் இல்லையென்று தெரிந்து, தானே கூவிப் பார்க்கிறாள். ஆகவே சேவல் வேண்டாம், பெட்டை ஒன்று தேடுங்கள். சூலகம் கெட்ட பெட்டை சேவலாக மாறுவதுண்டு, ஆனால் இப்படி மாறிய கோழி அநேகமாகத் தகப்பனாகாது என்று பாடத்தில் படித்திருக்கிறேன். அநேகமாக என்றுதான் போட்டிருந்தது. பெட்டை கிடைக்காவிட்டால் வெறும் கூடையோடு நீங்கள் மட்டுமாவது வாருங்கள்.